தண்டவாளம் இல்லாத ஊரின் ரயில்

தேனியிலிருந்து போடிக்குப் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில் பாதி தூரம் உட்கார்ந்து போகலாம், மீதி தூரம் இறங்கித் தள்ள வேண்டும். யுத்தம் முடிகிறவரை இதுதான் ஏற்பாடு. அன்றைக்குத் தள்ளியவன் நான். என் முதலாளி சங்கரலிங்கம் இறங்கவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, சாலைக்குப் பக்கத்திலேயே ஓடிவரும் சரளைக் கல் மேட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். போன வருஷம்வரை அந்த மேட்டின் மேல் மதுரைக்கும் போடிக்கும் ரயில் ஓடியது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று சர்க்கார் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அதில் ஆடுகள் போகின்றன.

அந்த ரயிலில் கார்டாக இருந்தவர் சங்கரலிங்கம். கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். ரயில் போனதும் துப்பறிய வந்துவிட்டார். அல்லிநகரத்தில் ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு கர்ணன். கர்ணன் என்பது நான்தான். அந்தப் பெயருக்குத் தகுந்தபடி வாரி வழங்க என்னிடம் இருப்பது வாய் ஒன்றுதான்.

"அண்ணே, ரயிலே இல்லாத ஊருல ரயில் சத்தம் கேக்குதுன்னு ஒரு அம்மா ஆள் அனுப்பியிருக்காக. இதுக்கு நாம எதுக்கு? ஒரு கொத்து வேப்பிலை போதும்," என்றேன், மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்து.

"அந்தம்மாவுக்கு மட்டும் கேக்கலடா. வீட்டுல எல்லாருக்கும் கேக்குது."

"அப்ப ரெண்டு கொத்து."

அவர் சிரிக்கவில்லை. அந்த மேட்டைப் பார்த்துவிட்டால் அவருக்குச் சிரிப்பு வராது.

போடி கடைவீதியில் அந்த வீட்டை யாரும் கேட்டுப் போக வேண்டியதில்லை. மூக்கு கூட்டிக்கொண்டு போய்விடும். முன்னால் ஏலக்காய்க் கடை, பின்னால் இலவம் பஞ்சு மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கி, பக்கத்தில் மாட்டுக் கொட்டம், மேலே வீடு. வீட்டுக்கு மூத்தவர் ஜேசுராஜ் போன வருஷம் இறந்துபோனார். எங்களுக்கு ஆள் அனுப்பியவள் அவர் மனைவி சொர்ணலதா. இப்போது கடையைப் பார்க்கிறவர் அவர் தம்பி செல்வமணி. வழுவழுவென்று எண்ணெய் வைத்துச் சீவிய தலை, விரலில் மோதிரம். இந்த மாதிரி விவகாரங்களில் கொழுந்தன் என்று ஒருவர் இருந்துவிட்டால் குற்றவாளியைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் சித்தாந்தம்.

காப்பி வந்தது. டம்ளரைக் கவிழ்த்தாலும் சிந்தாது, அத்தனை கெட்டிப் பால். கொண்டுவந்து வைத்தவள் வீட்டு வேலைகளைப் பார்க்கும் மொக்கம்மாள். நாற்பது வயதிருக்கும். வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

"மதினிக்கு மனசு சரியில்ல," என்றார் செல்வமணி. "நாளைக்குக் காலையில கார் வருது. மதுரைக்குப் போயி, அங்கன இருந்து பட்டணத்துல மனநோய் ஆஸ்பத்திரி. டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. ஒங்களக் கூப்பிட்டது மதினி. கடைசி நேரத்துல அவுக மனச முறிக்க வேணாம்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

"சத்தம் ஒங்களுக்கும் கேக்குதுல்ல?" என்றார் சங்கரலிங்கம்.

"கேக்குது. கடையில உக்காந்திருக்கேன், தலைக்கு மேல ஓடுது. அண்ணனோட பொம்மை ரயில் இருக்கிற அறையைப் பூட்டிச் சாவிய மதினிதான் வச்சிருக்காக. அவுகளே போயி ஓட்டிட்டு, ஓட்டினது தெரியாம உக்காந்து அழுவுறாக. வேற என்னன்னு நான் நினைக்கிறது?"

"அந்த நேரத்துல அவுக பக்கத்துல யாரும் இருக்கிறதில்லையா?"

"மொக்கம்மா இருப்பா. மதினி நகரவே இல்லன்னு சத்தியம் பண்ணுறா. அவ மதினிக்காக எதையும் சொல்லுவா அய்யா."

மாடிக்கு ஏறினோம். கூடத்தில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள் சொர்ணலதா. முப்பதைத் தாண்டியிருக்கமாட்டாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு பூட்டிய கதவு. சாவி அவள் இடுப்பில். பைத்தியம் பிடித்தவள் பேசுகிற மாதிரி அவள் பேசவில்லை.

"கார்டு அய்யா, ஒண்ணே ஒண்ணுதான். மனுசன்னா பிடிச்சுக் குடுங்க. எங்க வீட்டுக்காரகதான்னா அதையும் மறைக்காமச் சொல்லிடுங்க. ரெண்டுல எதுன்னு தெரியாம நான் அந்தக் கார்ல ஏற மாட்டேன்."

சங்கரலிங்கம் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "கதவைத் திறக்க வேணாம்மா. மொதல்ல கேக்குறேன், அப்புறம் பாக்குறேன். கார்டு வேலையில அப்பிடித்தான் பழக்கம். உள்ள என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் சொன்னாள். தண்டவாளத்தைப் பெயர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டதுமே ஜேசுராஜுக்குத் தூக்கம் போய்விட்டதாம். ஊருக்குத் திரும்பிப் போன எஸ்டேட் வெள்ளைக்காரர் ஒருவர் தன் பிள்ளைகளின் பொம்மை ரயிலை விற்றார். சாவி கொடுத்தால் ஓடும். அதை வாங்கிவந்து, அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை பலகை அடித்து, மதுரை முதல் போடிவரை பாதையை அப்படியே போட ஆரம்பித்தார். தண்டவாளம் கூடவே வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் எதைப் பரப்புவது என்பதில்தான் மாதக்கணக்கில் போராட்டம்.

"பாக்க ரயில் மாதிரி இருந்தாப் போதாது, கேக்கவும் ரயில் மாதிரி இருக்கணும்னாக. மணல் போட்டாக, சக்கரத்துல ஏறிக்கிச்சு. மரத்தூள வஜ்ஜிரப் பசையில கொழைச்சுப் போட்டாக, காஞ்சதும் வெடிச்சுப் போச்சு. தேங்காநார், கம்பளித் துண்டு, எல்லாம் பாத்தாச்சு. என் கண்ணக் கட்டி உக்கார வச்சு, ஒவ்வொண்ணா ஓட்டிக் காட்டி, 'இப்ப எங்க வருது சொல்லு'ன்னு கேப்பாக."

"கடைசியில எது நின்னுச்சு?"

"ஆண்டிபட்டிக் கணவாய்ல பாறைய வெட்டிப் போட்ட பாதை, அதுக்கு வெறும் தேக்குப் பலகை. டக்கு டக்குன்னு மண்டையில தட்டுற மாதிரி கேக்கும். அந்தப் பக்கம் இறங்கினதும் மண் மேடு, அதுக்குத் தக்கை. பாட்டில் மூடித் தக்கைய சீவிச் சீவி ஒட்டினாக, சத்தமே அமுங்கிப் போகும். தேனிப் பாலத்துக்கு மண்ணெண்ணெய்த் தகரம். கடைசியா நம்ம போடி ஸ்டேஷன். அதுக்கு ஏலக்காத் தோலு. ரயில் வந்து நிக்கிறப்போ வாசம் கிளம்பணுமாம்."

சங்கரலிங்கம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "சரியாத்தான் போட்டிருக்காரு," என்றார் மெதுவாக. ஒரு மனிதனின் வீட்டுக்குள் நுழைந்து தன் வீட்டையே பார்த்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"அவரு எப்பிடிம்மா இறந்தாரு?"

"நெஞ்சுல சளி கட்டிருச்சு. அந்நேரம் எனக்கு விசக் காய்ச்சல், எந்திரிக்க முடியல. மொக்கம்மாதான் கூட்டிக்கிட்டு ரயில் ஏறினா. இங்கன படுத்துக்கிட்டே ஊதல் சத்தத்தக் கேட்டேன். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். மதுரையிலேயே முடிஞ்சு போச்சு, அங்கனயே அடக்கம் பண்ணிட்டாக. அந்த வாரத்தோட தண்டவாளத்தையும் புடுங்கிட்டாக."

பொழுது சாய ஆரம்பித்தது. சங்கரலிங்கம் ஒரே ஒரு உத்தரவு போட்டார். வீட்டில் இருக்கிற எல்லோரும் கூடத்துக்கு வரவேண்டும், யாரும் யார் கண்ணிலிருந்தும் மறையக்கூடாது. செல்வமணி கடையைச் சாத்திவிட்டு முணுமுணுத்துக்கொண்டே மேலே வந்தார். மொக்கம்மாள் விளக்கை ஏற்றிவைத்துவிட்டுச் சொர்ணலதாவின் காலடியில் உட்கார்ந்தாள். நான் செல்வமணிக்கு வலப்பக்கம், இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"எத்தன மணி ரயிலு?" என்றேன்.

"சில நாள் விளக்கு வைக்கு முந்தி. வானம் மோடம் போட்டா, குளிர்ந்தா, லேட்டாகும்," என்றாள் சொர்ணலதா.

"நம்ம ரயில்வே தோத்துரும் போல."

சொர்ணலதா சாயங்கால ஜெபத்தைத் தொடங்கினாள். பாதி ஜெபத்தில் பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து 'கிர்' என்று ஒரு சத்தம் வந்தது. நான் செல்வமணியைப் பார்த்தேன். அவர் என் பக்கத்திலேயே இருந்தார், இரண்டு கையும் மடியில். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

பிறகு அது ஓடியது.

முதலில் கணகணவென்று ஒரு தகரச் சத்தம், சுவரெல்லாம் அதிர்ந்தது. அப்புறம் சட்டென்று அமுங்கி, யாரோ போர்வைக்குள் நடக்கிறது போல மெத்தென்று வெகு நேரம். அதன் பிறகு டக், டக், டக் என்று கட்டையில் தட்டுகிற சத்தம், போகப் போகத் தளர்ந்து நின்றது. மனுஷ வாடையே இல்லாத அறைக்குள் ஒரு ரயில் ஓடி முடித்துவிட்டது. பகலில் வேப்பிலை என்று கேலி பேசியவன் நான். இப்போது பயமாக இருந்தது, அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

சொர்ணலதா கண்ணை மூடியபடியே சொன்னாள். "போறாக."

சங்கரலிங்கம் தலையசைத்தார். "பாலம் மொதல்ல வந்துச்சு. கணவாய் கடைசியில வந்துச்சு."

"யாரோ தகரத்தையும் பலகையையும் மாத்திப் போட்டுட்டாகளா அண்ணே?"

"பாதை சரியாத்தாண்டா இருக்கு. வண்டிதான் திரும்பி ஓடுது. போடியிலிருந்து மதுரைக்கு."

"தெரியும் அய்யா," என்றாள் சொர்ணலதா. குரல் உடைந்திருந்தது. "யார்கிட்டயும் நான் சொல்லல. அவுக ஒரு நாளும் அப்பிடி ஓட்டினது இல்ல. மதுரையிலிருந்து கிளப்பி இங்கன கொண்டாந்துதான் நிப்பாட்டுவாக. வீட்டுக்கு வர்ற ரயில்தான் ரயிலும்பாக. மொத நாள் சத்தம் கேட்டப்ப, வந்துட்டாகன்னு நினைச்சுச் சந்தோசப்பட்டேன். அப்புறம் உன்னிப்பாக் கேட்டேன். தெனமும் போறாக அய்யா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, தெனமும் கிளம்பிப் போறாக."

இதைக் கேட்டதும் மொக்கம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அதைப் பயம் என்று நினைத்தேன்.

"இப்ப சாவியக் குடுங்கம்மா," என்றார் சங்கரலிங்கம்.

கதவைத் திறந்தோம். உள்ளே யாரும் இல்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். பலகை மேல் நீளமாகப் பாதை. மதுரை முனையில் என்ஜின் மூச்சு முட்டி நின்றுகொண்டிருந்தது. போடி முனைக்கு நடந்தோம். அங்கே தரையில் ஒரு பலகைக் கதவு. ஒரு காலத்தில் பஞ்சு மூட்டைகளைக் கீழே கிட்டங்கிக்கு இறக்குவதற்கு வைத்த வழி, ஏணியோடு.

நான் செல்வமணியைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். "கிட்டங்கி யாரு பொறுப்புல இருக்கு, மொதலாளி?"

"என் பொறுப்புலதான். ஆனா நான் ஒங்க பக்கத்துலதானய்யா உக்காந்திருந்தேன்."

சங்கரலிங்கம் இரண்டையும் காதில் வாங்கவில்லை. குனிந்து மூக்கை வைத்தார். "கர்ணா, போடி ஸ்டேஷன்ல என்ன வாசம் வரணும்?"

"ஏலக்கா."

"வருதா?"

முகர்ந்தேன். "மாட்டுக் கொட்டம் வாசம்ல வருது."

அவர் தண்டவாளத்தை ஓர் ஓரமாகத் தூக்கினார். அடியில் ஏலக்காய்த் தோல் இல்லை. தகரத் தட்டு நிறைய பருத்திக்கொட்டை. தண்ணீரில் ஊறி, உப்பி, தட்டு விளிம்பைத் தாண்டிப் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவே, அடிப்பலகையில் அறைந்த ஓர் ஆணியின் தலை தண்டவாளக் கட்டைகளுக்குள் அமுங்கிக் கிடந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. "அட, சுயம்பு சாமி. சின்னமனூர்ல ஒரு சாமியார் இதே வேலைதான் பண்ணினான். மண்ணுக்குள்ள பருத்திக்கொட்டையப் போட்டு, மேல செலைய வச்சுத் தண்ணி ஊத்துவான். கொட்டை ஊற ஊறச் சாமி பூமியப் பொளந்துக்கிட்டு எந்திரிக்கும்."

"அதேதான். காலையில என்ஜினுக்குச் சாவி குடுத்து, ஆணியில முட்ட வச்சு நிறுத்தி, கொட்டையில தண்ணிய ஊத்திட்டுப் போயிடணும். சாயங்காலம் கொட்டை தண்டவாளத்தத் தூக்கும். ஆணி தூக்காது. என்ஜின் ஆணிக்கு மேல ஏறினதும் வண்டி கிளம்பிடும். குளிர்ந்த நாள்ல கொட்டை மெதுவா ஊறும். அதான் லேட்டு."

சுவர் அலமாரியில் வரிசையாக பிஸ்கட் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஜேசுராஜ் வேண்டாம் என்று கழித்த சாமான், மணல், நார், மரத்தூள். சங்கரலிங்கம் ஒவ்வொன்றாகத் திறந்து காலியாக இருந்த ஒரே டப்பாவை எடுத்தார். "இதுல பருத்திக்கொட்டை இருந்துச்சாம்மா?"

"ஆமா. கருங்கல் சரளை மாதிரியே இருக்கும்னு கொஞ்ச நாள் பரப்பி வச்சிருந்தாக. மழையில கூரை ஒழுகி நனைஞ்சு, உப்பி, சாவி குடுத்து வச்சிருந்த என்ஜின் தானா ஓடிருச்சு. விழுந்து விழுந்து சிரிச்சோம். அன்னைக்கே வேணாம்னு எடுத்துட்டாக."

"சிரிச்சது யாரு யாரு?"

"நானும் அவுகளும்," என்றவள் நிறுத்தினாள். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

சங்கரலிங்கமும் திரும்பினார். "மொக்கம்மா, காப்பி நல்லா இருந்துச்சு. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கிறியா?"

"ஆமாங்கய்யா."

"எங்கன ஊற வைக்கிற?"

அவள் பார்வை தரையிலிருந்த பலகைக் கதவுக்குப் போய் வந்தது. கேள்வி அத்தனை சாதாரணமாக இருந்தது, நான்கூட அதன் பல்லைக் கவனிக்கவில்லை. கொட்டத்தில் ஊறல் பானை கிடையாது என்பதை அவர் வரும்போதே பார்த்துவிட்டார் போலும். என் சித்தாந்தம் அப்படியே கவிழ்ந்தது.

மொக்கம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். "தாயி கஞ்சி குடிக்கல அய்யா. அடக்கம் முடிஞ்சு நான் லாரியில வந்து சேர்ந்ததுலருந்து ஒரு வாய் குடிக்கல. கண்ணு முன்னாலயே செத்துரும்னு பயந்துட்டேன். அய்யா இங்கனதான் இருக்காகன்னு தெரிஞ்சா எந்திரிச்சு உக்காருமேன்னு கிட்டங்கி ஏணி வழியா ஏறி வந்து ஒரு நாள் ஓட்டினேன். நான் பக்கத்துல இருந்தாத்தானே நம்பும், அதான் கொட்டைய வச்சேன். சத்தம் கேட்டதும் எந்திரிச்சு, கஞ்சி குடுன்னு கேட்டுச்சு. அப்புறம் எப்பிடி அய்யா நிப்பாட்டுவேன்?"

"ஒன்னாலதானே மதினிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பாத்தேன்," என்று செல்வமணி பாய்ந்தார்.

"பைத்தியம்னு முடிவு கட்டினது இவ இல்லையே," என்றார் சங்கரலிங்கம். செல்வமணி அடங்கிவிட்டார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. பயந்தவர், பயத்தில் அவசரப்பட்டவர்.

சொர்ணலதா மொக்கம்மாளுக்கு முன்னால் வந்து நின்றாள். கோபமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. "ஏன் மொக்கம்மா அதைப் போக வச்ச? வர வச்சிருக்கலாம்ல. ஒவ்வொரு நாளும் அந்த என்ஜின மதுரையிலருந்து தூக்கிட்டு வந்து இங்கன வச்சு, எதுக்கு அவுகளப் போக வச்ச?"

மொக்கம்மாளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. விழித்தாள். "அந்த ரயிலு அப்பிடித்தானே தாயி போகும். நான் ஏறினது ஒரே ஒரு தடவை. அய்யாவக் கூட்டிக்கிட்டுப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள தண்டவாளமே இல்ல. அது வந்து நான் பாத்ததே இல்லையே."

சங்கரலிங்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சொர்ணலதா தரையில், மொக்கம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேயி இல்லைன்னு ஆகிப்போச்சு. அப்ப அவுக இல்ல," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு இத்தனை நாளாகக் கேட்காததைக் கேட்டாள். "அன்னைக்கு ரயில்ல அவுக என்ன சொன்னாக?"

மொக்கம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"சொல்லு."

"ஒண்ணும் பெரிசாச் சொல்லல தாயி. கண்ண மூடிப் படுத்திருந்தாக. தேனிப் பாலம் வந்துச்சு. லேசாச் சிரிச்சாக. 'மொக்கம்மா, தகரம் தப்பு. பாலம் இம்புட்டுக் கத்தல. அடியில கொஞ்சம் பஞ்சு குடுக்கணும், லதாகிட்டச் சொல்லு'ன்னாக. வேற எதாச்சும் நல்ல வார்த்தை சொல்லுவாக, வந்து ஒங்ககிட்டச் சொல்லலாம்னு காத்துக் கெடந்தேன். கணவாயத் தாண்டினப்புறம் பேசவே இல்ல. கடைசியா தகரத்தையும் பஞ்சையும் சொன்னாகன்னு நான் எந்த மூஞ்சியோட வந்து சொல்லுவேன்?"

சொர்ணலதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து செல்வமணி ஓரடி முன்னால் வந்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அதன் பாட்டுக்கு வழிய, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன், தகரம் வேணாம்னு. ரெண்டு நாளு பேசாம இருந்தோம் அதுக்காக. கேட்டாகளா?"

மொக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொர்ணலதா முகத்தைத் துடைத்துவிட்டுக் கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, நாளைக்கு வர்ற காரைத் திருப்பி அனுப்பிராதீக. மொக்கம்மாவும் நானும் மதுரைக்குப் போறோம். அவுகளப் பொதைச்ச எடத்த நான் இன்னும் பாக்கல. தகரத்துல நீங்கதான் தோத்துட்டீகன்னு நேர்ல போயிச் சொல்லணும்."

"சரி மதினி," என்றார் செல்வமணி.